வயலில் விளைந்த புள்ளியியல்

நுழையும்முன்

ஒரே பாத்தியில் அருகருகே நட்ட இரண்டு செடிகள்கூட ஒன்றுபோல் காய்ப்பதில்லை. மண், நீர், வெயில், பூச்சி எனக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எத்தனையோ காரணங்கள் விளைச்சலைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. அவ்வாறாயின், ஓர் உரம் மற்றோர் உரத்தினும் சிறந்தது என்று எங்ஙனம் துணிவது? காணும் வேறுபாடு உரத்தால் வந்ததா, தற்செயலாய் நேர்ந்ததா? உழவர் நெடுங்காலமாகக் கேட்டுவந்த இவ்வினாவிற்கு விடைகாணும் முறையை உலகிற்கு வகுத்தளித்தவர் ரொனால்டு எய்ல்மர் ஃபிஷர். அவர்தம் வாழ்வையும் பணியையும், அவர் தவறிய இடங்களையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கண்ணொளி குறைந்த சிறுவன்

1890ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் இலண்டன் மாநகரின் ஈஸ்ட் ஃபிஞ்ச்லி என்னும் பகுதியில் ஃபிஷர் பிறந்தார். அவருடன் கருவுற்ற இரட்டைக் குழந்தை உயிரின்றிப் பிறந்தது. தந்தை ஜார்ஜ் ஃபிஷர் கலைப்பொருள்களை ஏலமிடும் நிறுவனம் ஒன்றின் பங்குதாரர். செல்வச் செழிப்போடு வளர்ந்த சிறுவனுக்குப் பதினான்காம் வயதில் பேரிழப்பு நேர்ந்தது, அன்னை மறைந்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் தந்தையின் வணிகமும் நொடித்தது. அதன்பின் கல்வி உதவித்தொகையே அவருடைய கல்விக்குத் துணையாயிற்று.

பொருளிழப்பினும் பெரியதொரு குறை அவருக்கு இளமை முதலே இருந்தது. அவருடைய பார்வை மிகவும் மங்கலானது. கண்களைக் காக்கும்பொருட்டு, மின்விளக்கொளியில் படித்தலும் எழுதுதலும் கூடாது என மருத்துவர் தடுத்தனர். ஆகவே ஹாரோ பள்ளியில் மாலை நேரக் கணக்குப் பாடங்களை அவர் தாளும் எழுதுகோலும் இன்றிக் காதால் கேட்டே கற்றார். ஆசிரியர் சொல்லச் சொல்லக் கணக்கை மனத்திரையில் வடிவங்களாக வரைந்து பார்த்தார். பிறர் பக்கம் பக்கமாக இயற்கணிதத்தால் நிறுவும் முடிவை அவர் வடிவியல் வழியே ஒரு நோக்கில் கண்டுவிடுவார். இத்திறன் பிற்காலத்தில் அவருக்குப் பெருமையும் தந்தது, இடரும் தந்தது. இடைப்பட்ட படிகளை அவர் எழுதாமல் விட்டுவிடுவதால், அவருடைய கட்டுரைகளைப் படித்தறிய வல்லுநர்களும் இடர்ப்பட்டனர்.

1909ஆம் ஆண்டு உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்வில் கீஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினார். கணிதத்தோடு உயிரியலும் மரபியலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. சிறிது காலம் கனடா நாட்டுப் பண்ணை ஒன்றில் உழைத்தார். இலண்டனில் முதலீட்டு நிறுவனம் ஒன்றில் புள்ளியியலாளராக இருந்தார். முதல் உலகப்போர் மூண்டபோது படையில் சேர முன்வந்தார். கண்பார்வைக் குறை காரணமாக அவரை ஏற்கவில்லை. போர்க்காலத்தில் பள்ளிகளில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தார். ஆசிரியப்பணி அவருக்கு மனநிறைவு தரவில்லை. 1917இல் ரூத் ஐலீன் என்பாரை மணந்து, சிறு பண்ணையொன்றைப் பேணிக்கொண்டே ஆய்விலும் ஈடுபட்டார்.

அந்நாளில் அவர் எழுதிய கட்டுரையொன்று 1918இல் எடின்பரோ அரச கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. உறவினரிடையே காணப்படும் உடற்கூற்று ஒற்றுமையை மெண்டலின் மரபுக் கொள்கை கொண்டு விளக்கிய கட்டுரை அது. ஓர் அளவு சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக்கிடக்கிறது என்பதைக் குறிக்க மாறுபாடு என்னும் கலைச்சொல்லை அதில்தான் அவர் முதன்முதலாகக் கையாண்டார். ஒரு மாறுபாட்டை அதன் காரணங்களுக்கேற்பப் பங்கு பிரிக்கலாம் என்னும் எண்ணத்தின் வித்தும் அங்கேயே ஊன்றப்பட்டது.

ராதம்ஸ்டெட் அழைத்தது

இலண்டனுக்கு வடக்கே ஹார்ப்பன்டன் என்னும் சிற்றூரில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையம் உள்ளது. ஜான் பென்னட் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் ஆகிய இருவரும் 1843இல் அங்கு உர ஆய்வைத் தொடங்கினர். பிராட்பாக் என்னும் வயலில் ஆண்டுதோறும் கோதுமை விதைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வோர் உரமிட்டு, விளைச்சலையும் மழையளவையும் தவறாது பதிந்து வந்தனர். எழுபது ஆண்டுகளுக்கும் மேலான குறிப்பேடுகள் அலமாரிகளில் நிரம்பிக் கிடந்தன. அவற்றிலிருந்து எதைக் கற்பது என்பதுதான் எவருக்கும் விளங்கவில்லை.

நிலையத்தின் இயக்குநரான ஜான் ரசல் 1919இல் ஃபிஷரை அழைத்தார். அதே வேளையில் புள்ளியியலில் பெரும்புகழ் பெற்றிருந்த கார்ல் பியர்சனும் தம் ஆய்வகத்தில் பணியாற்ற அவரை அழைத்தார். பெயர்பெற்ற ஆய்வகத்தை விடுத்து, சேற்று வயலும் பழைய ஏடுகளும் உள்ள இடத்தையே ஃபிஷர் தேர்ந்தார். தற்காலிகப் பணியாகத் தொடங்கியது பதினான்கு ஆண்டுகள் நீண்டது.

மில்லியனேர் என்னும் கைச்சுழற்றுக் கணக்குப்பொறி ஒன்றை வைத்துக்கொண்டு அவர் எண்களோடு மல்லாடினார். ஆண்டுதோறும் நிகழும் ஏற்ற இறக்கத்தை மழை, மண்வளக் குறைவு, மெல்ல நிகழும் பிற மாற்றங்கள் எனக் கூறுகளாகப் பிரித்தார். சில பகுதிகளில் விளைச்சல் நெடுங்காலமாகக் குறைந்துவந்ததற்குக் களையின் பெருக்கமும் ஒரு காரணமாகலாம் எனக் கருதினார். பள்ளிக்கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டங்கள் வந்தபின் களைபறிக்கும் சிறுவர் வயலுக்கு வருவது குறைந்ததையும் அவர் எண்ணிப்பார்த்தார். எண்களுக்குப் பின்னே மனிதர் வாழ்க்கை இருப்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

மாறுபாட்டைப் பகுத்தல்

1923இல் வினிஃபிரெட் மெக்கன்சி என்னும் உடன் ஆய்வாளரோடு சேர்ந்து ஃபிஷர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பன்னிரண்டு உருளைக்கிழங்கு வகைகளைத் தொழுவுரம் இட்ட நிலத்திலும் இடாத நிலத்திலும் பயிரிட்டு, சாம்பல்சத்து உரங்களையும் மாற்றி மாற்றி இட்டுச் செய்த சோதனையின் முடிவு அது. கிழங்கின் வகை, தொழுவுரம், சாம்பல்சத்து என மூன்று காரணிகள் அதில் ஒருங்கே இருந்தன. மாறுபாட்டுப் பகுப்பாய்வு ஒரு சோதனையின் விளைச்சலுக்கு முதன்முதலாகப் பயன்பட்டது இக்கட்டுரையில்தான்.

அம்முறையின் உட்பொருள் எளிது. விளைச்சல் எண்கள் அனைத்தும் தம் பொதுச் சராசரியிலிருந்து விலகி நிற்கின்றன. அவ்விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மொத்த மாறுபாட்டின் அளவு கிடைக்கும். ஒரு குடும்பத்தின் செலவைக் கண்டு மலைப்பவர், அரிசிக்கு இவ்வளவு, கல்விக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு எனப் பிரித்தெழுதித் தெளிவடைவதுபோல, ஃபிஷர் அம்மொத்தத்தைப் பிரித்தார். கிழங்கின் வகையால் வந்தது ஒரு பங்கு. உரத்தால் வந்தது மற்றொரு பங்கு. எதன்மீதும் ஏற்ற இயலாமல் எஞ்சி நிற்பது தற்செயலின் பங்கு. காரணியால் வந்த மாறுபாட்டைத் தற்செயலால் வந்த மாறுபாட்டோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும். முன்னது பின்னதைவிடப் பன்மடங்கு பெரிதாயின் அக்காரணிக்கு ஆற்றல் உண்டு எனலாம். இரண்டும் ஏறத்தாழச் சமமாயின் அவ்வாறு சொல்ல இடமில்லை. தற்செயலால் எதிர்பார்க்கத்தக்க அளவைக் கடந்து மிகுந்து காணப்படும் வேறுபாட்டை மிகைகாண் வேறுபாடு என்பர்.

அக்கட்டுரையில் ஒரு குறை இருந்தது. தொழுவுரம் பெரிய நிலப்பகுதிகளுக்கும் சாம்பல்சத்து சிறிய வரிசைகளுக்கும் இடப்பட்டிருந்தன. இருவகைக்கும் தற்செயலின் பங்கு வேறு வேறாகக் கணக்கிடப்படல் வேண்டும். அவ்வாறு செய்யாததை ஃபிஷர் பின்னர் உணர்ந்தார். 1925இல் வெளிவந்த, ஆய்வாளர்களுக்கான புள்ளியியல் முறைகள் என்னும் தம் நூலில் அதே சோதனையின் எண்களை எடுத்துச் சரியான முறையில் பகுத்துக் காட்டினார். அந்நூல் பல பதிப்புகள் கண்டு, உலகெங்கும் ஆய்வுக்கூடங்களின் கைந்நூலாயிற்று.

அமெரிக்கப் புள்ளியியலாளரான ஜார்ஜ் ஸ்னெடெகார், இருவகை மாறுபாடுகளின் விகிதத்திற்கு ஃபிஷரின் பெயரின் முதலெழுத்தைச் சூட்டினார். இன்றும் மாணவர் கற்கும் எஃப் சோதனை அதுவேயாகும்.

ஒரு கோப்பைத் தேநீர்

ராதம்ஸ்டெட்டில் நாள்தோறும் பிற்பகலில் ஆய்வாளர்கள் கூடித் தேநீர் அருந்துவது வழக்கம். ஒருநாள் ஃபிஷர் கோப்பையொன்றில் தேநீர் நிரப்பி, பாசியியல் அறிஞரான மியூரியல் பிரிஸ்டல் அம்மையாரிடம் நீட்டினார். முதலில் பாலூற்றிப் பின் வடிநீர் சேர்த்த தேநீரே தமக்கு உகந்தது என்று அவர் மறுத்துவிட்டார். எதை முதலில் ஊற்றினால் என்ன, சுவையில் வேறுபாடு தோன்றுமா என்று ஃபிஷர் ஐயுற்றார். தம்மால் அறிய இயலும் என்று அம்மையார் உறுதியாக நின்றார். சோதித்துப் பார்த்துவிடலாமே என்று அருகிலிருந்த வில்லியம் ரோச் ஊக்கினார். அவரே பின்னாளில் அம்மையாரின் கணவரானார்.

வேடிக்கையாகத் தொடங்கிய இந்நிகழ்ச்சியை 1935இல் வெளியான சோதனைகளின் வடிவமைப்பு என்னும் நூலில் ஃபிஷர் அறிவியல் சிந்தனைக்கு எடுத்துக்காட்டாக்கினார். எட்டுக் கோப்பைகள்; நான்கில் பால் முதலில், நான்கில் வடிநீர் முதலில். அவற்றை எவ்வொழுங்குமின்றிக் கலந்து வைத்துக் கொடுக்க வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உள்ளன. வெறும் ஊகத்தாலேயே அனைத்தையும் சரியாகச் சொல்ல எழுபதில் ஒரு வாய்ப்பே உண்டு. எனவே எட்டையும் சரியாகச் சொன்னால் அத்திறனை நாம் மதிக்கலாம். நான்கில் ஒன்றேனும் தவறினால் தற்செயலை விலக்கிவிட இயலாது. ஊகிப்பவரும் அவ்வளவு சரியாகச் சொல்ல எழுபதில் பதினேழு வாய்ப்புகள் உள்ளன. அம்மையாரின் பெயரையோ சோதனையின் முடிவையோ அந்நூல் கூறவில்லை. முடிவைவிட, முடிவுக்கு வரும் வழியே அவருக்கு முதன்மையாக இருந்தது.

ஒழுங்கின்றிக் கலத்தல் என்பதே ஃபிஷர் வகுத்த சமவாய்ப்பாக்கல். எந்த உரத்தை எந்தப் பாத்திக்கு இடுவது என்பதை ஆய்வாளர் தம் விருப்பப்படி முடிவு செய்தால், வளமான மூலை அவருக்குப் பிடித்த உரத்திற்கே போய்ச் சேரக்கூடும். சீட்டுக் குலுக்கிப் போட்டால் அவ்வோரம் ஒழியும். இதனுடன், ஒவ்வொன்றையும் பலமுறை திரும்பச் செய்தல், ஒத்த தன்மையுள்ள பாத்திகளைத் தொகுதியாக்கி அதனுள் ஒப்பிடுதல் ஆகிய இரண்டையும் சேர்த்து மூன்று தூண்களை அவர் நாட்டினார். அவருடைய நெருங்கிய நண்பரும், ஸ்டூடண்ட் என்னும் புனைபெயரில் புகழ்பெற்றவருமான வில்லியம் காசெட், ஒழுங்காக வரிசைப்படுத்தி நடுவதே மேல் என இறுதிவரை வாதிட்டார். நட்பு குன்றாமலே அவ்வாதம் நடந்தது.

பல காரணிகள், ஒரே வயல்

ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டுமே மாற்றிச் சோதிக்க வேண்டும் என்பது அந்நாளைய அறிவியலாரின் எழுதாச் சட்டம். ஃபிஷர் அதனை மறுத்தார். பல காரணிகளை ஒருங்கே மாற்றி, அவற்றின் எல்லாச் சேர்க்கைகளையும் ஒரே சோதனையில் இடம்பெறச் செய்தால், குறைந்த பாத்திகளில் மிகுந்த செய்திகளை அறியலாம் என்றார். அதனினும் மேலாக, காரணிகள் ஒன்றையொன்று எவ்வாறு தாக்குகின்றன என்பதையும் அறியலாம். இதற்கு இடைவினை என்று பெயர்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் காண்போம். அ, ஆ என்னும் இரண்டு கிழங்கு வகைகள். தொழுவுரம் இடாத பாத்தியில் அ வகை 20 கிலோவும் ஆ வகை 26 கிலோவும் விளைகின்றன. தொழுவுரம் இட்ட பாத்தியில் அ வகை 30 கிலோவும் ஆ வகை 24 கிலோவும் விளைகின்றன. இரு வகைகளின் சராசரியும் 25 கிலோவே. சராசரியை மட்டும் பார்ப்பவர் இரண்டும் ஒன்றே என்பார். ஆனால் உரமிட வசதியுள்ளவர்க்கு அ வகை ஏற்றது; வசதியற்றவர்க்கு ஆ வகையே ஏற்றது. சராசரியை நம்பி அ வகையை நட்ட ஏழை உழவர் பாத்திக்கு 6 கிலோ இழப்பார். எனவே இடைவினை மிகைகாண் அளவில் இருப்பின், பொதுச் சராசரிகளை ஒப்பிட்டு அமையாமல், ஒரு காரணியின் ஒவ்வொரு நிலைக்குள்ளும் மற்றதன் நிலைகளைத் தனித்தனியே ஒப்பிடல் வேண்டும். ஃபிஷரும் மெக்கன்சியும் ஆராய்ந்த உருளைக்கிழங்குச் சோதனையில் அத்தகைய இடைவினைக்குச் சான்று கிட்டவில்லை. வகைகள் யாவும் உரத்திற்கு ஏறத்தாழ ஒரே விதமாகவே மறுமொழி தந்தன. அதனைச் சோதித்தறிந்த பின்னரே அவர்கள் அவ்வாறு கூறினர் என்பது கருதத்தக்கது.

1931இல் ராதம்ஸ்டெட்டில் இணைந்த ஃபிராங்க் யேட்ஸ் பல்காரணிச் சோதனைகளை மேலும் வளர்த்தார். இருவரும் சேர்ந்து வெளியிட்ட புள்ளியியல் அட்டவணைகள் ஆய்வாளர்களின் மேசைகளில் நீங்கா இடம்பெற்றன.

பார்த்தபின் ஒப்பிடுதல்

மாறுபாட்டுப் பகுப்பாய்வு ஓர் எல்லையோடு நின்றுவிடுகிறது. பன்னிரண்டு வகைகளும் ஒன்றே எனக் கொள்ள இயலாது என்று அது கூறும். எது எதனினும் சிறந்தது என்று கூறாது. கூட்டத்தில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அறிந்தபின், அவர் யார் எனத் தேடுவது போன்றது அடுத்த பணி. இதனைப் பின்னொப்பீடு எனலாம்.

இங்கேதான் இடர்ப்பாடு ஒளிந்திருக்கிறது. பன்னிரண்டு வகைகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் 66 இணைகள் தோன்றும். இருபதில் ஒருமுறை தவற இடங்கொடுத்து ஒவ்வோர் இணையையும் சோதிப்பதாகக் கொள்வோம். வகைகளுக்குள் உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாதிருந்தாலும், சராசரியாக மூன்றுக்கும் மேற்பட்ட இணைகள் வேறுபட்டவைபோல் தோற்றமளிக்கும். எண்களைப் பார்த்தபின், மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் மட்டும் பொறுக்கியெடுத்து ஒப்பிடுபவர் இன்னும் எளிதில் ஏமாறுவார். அம்பு எய்தபின் அது தைத்த இடத்தைச் சுற்றி இலக்கு வரைபவரை வில்லாளி என்று யாரும் சொல்லார்.

ஃபிஷர் இதற்கு இருபடி முறையொன்றை வகுத்தார். முதலில் எஃப் சோதனையால் ஒட்டுமொத்த வேறுபாடு மிகைகாண் அளவில் உள்ளதா எனக் காண வேண்டும். இல்லையெனில் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். உண்டெனில், தற்செயலின் பங்கைக் கொண்டு ஓர் எல்லையளவைக் கணக்கிட்டு, அதனை விஞ்சும் இணைகளை மட்டும் வேறுபட்டவை எனக் கொள்ளலாம். இவ்வெல்லைக்குக் குறைந்தபட்ச மிகைகாண் வேறுபாடு என்று பெயர். எண்களைப் பார்த்தபின் தெரிந்தெடுத்த இணைக்கு முன்கூட்டித் திட்டமிட்ட இணையைவிடக் கடுமையான அளவுகோல் வேண்டும் என்றும் 1935ஆம் ஆண்டு நூலிலேயே அவர் எச்சரித்தார்.

முதற்படியின் காவல் போதாது என்று பின்வந்தோர் கண்டனர். பத்து வகைகளுள் ஒன்று மட்டும் மிக வேறுபட்டிருந்தால் எஃப் சோதனையின் கதவு திறந்துவிடும். அதன்பின் ஏனைய ஒன்பதுக்குள் நிகழும் 36 ஒப்பீடுகளுக்குக் காவல் இல்லை. அமெரிக்க அறிஞர் ஜான் டூக்கி, எல்லா இணைகளையும் ஒரு குடும்பமாகக் கருதி, அக்குடும்பம் முழுமைக்கும் சேர்த்தே பிழையின் வாய்ப்பைக் கட்டுப்படுத்தும் முறையைத் தந்தார். ஹென்றி ஷெஃபே, இணைகளை மட்டுமன்றிச் சராசரிகளின் எவ்வகைச் சேர்க்கையையும் ஒப்பிட இடந்தரும் முறையை 1953இல் வெளியிட்டார். 1955இல் டேவிட் டங்கன் பல்வீச்சுச் சோதனையையும், சார்லஸ் டன்னெட் பல உரங்களை உரமிடாத ஒன்றோடு மட்டும் ஒப்பிடும் முறையையும் அளித்தனர். அளவுகோல் கடுமையாக ஆகப் பொய்யான வேறுபாடு குறையும். மெய்யான சிறு வேறுபாடு கண்ணில் படாமல் போகவும் கூடும். இவ்விரு இழப்புகளுள் எதனைத் தாங்கலாம் என்பதை ஆய்வாளர் சோதனைக்கு முன்னரே எண்ணித் துணிதல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

நம் நாட்டு வேளாண் ஆய்வேடுகளில் விளைச்சல் அட்டவணைகளின் அடியில் சி.டி. என்னும் குறிப்புடன் ஓர் எண் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். இரண்டு வகைகளின் சராசரி வேறுபாடு அவ்வெண்ணை விஞ்சினால்தான் ஒன்று மற்றொன்றினும் சிறந்தது எனக் கூறுவர். அது ஃபிஷர் வகுத்த எல்லையளவே ஆகும்.

இந்திய மண்ணில்

இந்தியாவில் புள்ளியியலை வளர்த்த பிரசந்த சந்திர மகலனோபிஸ், ஃபிஷரின் நண்பர். அவர் கொல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு ஃபிஷர் பலமுறை வருகை புரிந்தார். 1938 சனவரியில் அங்கு நடைபெற்ற முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டிற்குத் தலைமை ஏற்றார். கர்நாடகத்தின் ஹடகலியில் பிறந்து உலகப்புகழ் பெற்ற சி.ஆர்.ராவ், கேம்பிரிட்ஜில் ஃபிஷரின் வழிகாட்டுதலில் ஆய்ந்து 1948இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஃபிஷரை உயர்பதவிகளும் நாடி வந்தன. 1929இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1933இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும், 1943இல் கேம்பிரிட்ஜிலும் பேராசிரியர் பொறுப்பேற்றார். 1952இல் சர் பட்டமும் 1955இல் கோப்ளி பதக்கமும் பெற்றார். இவற்றுக்கிடையே 1943இல் போர் விமானியாக இருந்த மூத்த மகன் ஜார்ஜை இழந்த துயரமும் அவர் வாழ்வில் உண்டு. அவருடைய மகள் ஜோன், தந்தையின் வாழ்க்கை வரலாற்றை 1978இல் நூலாக வெளியிட்டார்.

அறிஞரின் பிழைகள்

பெரியோரின் வாழ்வைப் படிப்போர் அவர்தம் நிறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு குறைகளை மறைத்தல் தகாது. ஃபிஷர் முன்கோபி, தம் கருத்தை மறுத்தோரிடம் கடுமை காட்டினார். மனித இனத்தைத் தேர்ந்தெடுத்த பிறப்புகளால் மேம்படுத்தலாம் என்னும் இனமேம்பாட்டுக் கொள்கையை இளமை முதல் ஆதரித்தார். அறிவுத்திறன் குறைந்தோர் எனப்பட்டவர்களுக்கு விருப்பக் கருத்தடை செய்வதை வலியுறுத்தினார். இனங்களைப் பற்றி யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கைக்கும் மாறுபட்டார். மனித மாண்பிற்கு ஒவ்வாத அக்கொள்கையை இன்றைய உலகம் ஏற்பதில்லை. அவர் நினைவாகக் கான்வில் கீஸ் கல்லூரியில் வைத்திருந்த வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை அகற்ற 2020இல் அக்கல்லூரி முடிவு செய்தது.

மற்றொரு பிழை அவருடைய துறையிலேயே நிகழ்ந்தது. 1950களில் புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோர் எண்களால் காட்டினர். சமவாய்ப்பாக்கல் செய்யப்படாத ஆய்வுகள் காரணத்தை நிறுவா என்று ஃபிஷர் எதிர்த்தார். புகைபிடிக்கும் விருப்பத்திற்கும் நோய்க்கும் பொதுவான மரபுக்கூறு ஒன்று காரணமாகலாம் என்றார். கேள்வி முறையானதே. ஆயினும் சான்றுகள் பல திசைகளிலிருந்து வந்து குவிந்தபின்னும் அவர் மாறவில்லை. அவர் புகைக்குழல் பிடிப்பவர். புகையிலை நிறுவனங்களின் அமைப்பிற்கு ஆலோசகராகவும் இருந்தார். எண்களைக் காண்பதற்கு முன்னரே முடிவை விரும்பிவிட்டால் எண்கள் உண்மை பேசா என்று உலகிற்குக் கற்பித்தவரே அப்பாடத்தை மறந்தார். 1923ஆம் ஆண்டுக் கணக்கைத் தாமே திருத்திக்கொண்ட அந்த நேர்மை, இங்கே அவருக்குத் துணைவரவில்லை.

நிறைவு

ஓய்வுக்குப்பின் ஃபிஷர் ஆஸ்திரேலியா சென்று அடிலெய்டு நகரில் ஆய்வைத் தொடர்ந்தார். 1962ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள் அங்கு மறைந்தார். அந்நகரப் பேராலயத்தில் அவருடைய சாம்பல் வைக்கப்பட்டுள்ளது.

புதிய மருந்து நோயாளிக்கு வருமுன்னும், புதிய நெல்வகை உழவர் கைக்கு எட்டுமுன்னும் சீட்டுக் குலுக்கிப் பிரித்தலும், திரும்பத் திரும்பச் செய்தலும், மாறுபாட்டைப் பகுத்தலும் இன்றும் நிகழ்கின்றன. அம்முறைகளை வகுத்தவர் தவறினார் என்பதால் முறைகள் பொய்த்துவிடவில்லை. முறைகள் மெய்யானவை என்பதால் வகுத்தவர் சொன்னவை யாவும் மெய்யாகிவிடவும் இல்லை. எப்பொருளையும் யார் சொன்னார் என்று பாராது, என்ன சான்று உள்ளது என்று பார்ப்பதே ஃபிஷரின் வயல் நமக்குத் தரும் விளைச்சலாகும்.

கற்பவை கற்றபின்...

1. பள்ளித் தோட்டத்தில் ஒரே வகைக் கீரையை எட்டுப் பாத்திகளில் விதைத்து, நான்கிற்கு மட்டும் மட்கிய உரம் இடுக. எந்த நான்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்க. விளைச்சலை நிறுத்துப் பதிவு செய்து வகுப்பில் கலந்துரையாடுக.
2. ஒரு நாணயத்தை ஐந்துமுறை சுண்டுவதை ஒவ்வொரு மாணவரும் செய்து, அனைத்தும் தலையாக விழுந்தவர் எத்தனை பேர் எனக் கணக்கிடுக. அவரைத் திறமையாளர் எனக் கூறலாமா என விவாதிக்க.

மதிப்பீடு

குறுவினா
1. சமவாய்ப்பாக்கல் என்றால் என்ன?
2. ஃபிஷர் தாளும் எழுதுகோலும் இன்றிக் கணிதம் கற்க நேர்ந்தது ஏன்?

சிறுவினா
1. சராசரி சமமாக இருந்தும் இரண்டு கிழங்கு வகைகள் ஒன்றல்ல என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. தேநீர்ச் சோதனையில் எட்டுக் கோப்பைகளையும் சரியாகக் கூறுவது ஏன் மதிக்கத்தக்கது?

நெடுவினா
1. பின்னொப்பீட்டில் நேரும் இடர்ப்பாட்டையும், அதனை நீக்க ஃபிஷரும் பின்வந்தோரும் வகுத்த வழிகளையும் தொகுத்துரைக்க.
2. ஓர் அறிஞரின் முறையை ஏற்று, அவருடைய பிழையை மறுக்க இயலுமா? ஃபிஷரின் வாழ்வைக்கொண்டு உம் கருத்தை நிறுவுக.